பாயசத்துக்காகக் காத்திருந்த பந்தி: ஜிரோ 2023 வழித்தடம், ஒரு மதிப்பீடு

மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயத்தின் வழித்தடத்தைக் கடையில் வாங்கிய பொருளைப் போல மதிப்பிடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அமைப்பாளர்களே அதை அப்படித்தான் விற்கிறார்கள். பந்தயம் தொடங்குவதற்கு ஆறேழு மாதங்களுக்கு முன்பே மேடை போட்டு, வரைபடத்தை விரித்து, இத்தனை கிலோமீட்டர் டைம் டிரையல் (கடிகாரத்தை எதிர்த்துத் தனித்தனியாக ஓட்டுவது), இத்தனை மலைமுடிகள் என்று சேர்மானப் பட்டியலை வாசித்துக் காட்டுகிறார்கள். இத்தாலியில் ஆண்டுதோறும் நடக்கும் ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தின் 2023-ஆம் ஆண்டுப் பட்டியல் 2022 அக்டோபரில் மிலானில் வெளியானபோது, அண்மைக் காலத்தில் வந்த பாதைகளுள் இதுவே மிகவும் சமநிலையானது என்று நானும் நம்பினேன். மே 6 முதல் 28 வரை, இந்திய நேரப்படி பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டு வேளையில் முடிந்த 21 கட்டங்களைப் பின்தொடர்ந்த ஒருவனின் மதிப்பீடு இது. (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்; எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கே பட்டம்.) சரக்கு தரமானதுதான், அதை அடுக்கிய வரிசையில்தான் பிழை இருந்தது.

முதலில் பட்டியல். மூன்று டைம் டிரையல்கள் இருந்தன. முதல் நாளிலேயே அப்ருஸ்ஸோ கடற்கரையில், பழைய ரயில் பாதை இருந்த இடத்தில் அமைக்கப்பட்ட சைக்கிள் தடத்தின் வழியாக, ஃபோசாசேசியா மரினாவிலிருந்து ஒர்டோனா வரை 19.6 கி.மீ.; ஒன்பதாம் நாளில் சவிஞ்ஞானோவிலிருந்து செசேனா வரை மேடு பள்ளம் ஏதும் இல்லாத சமதரையில் 35 கி.மீ.; இருபதாம் நாளில் தர்விசியோவிலிருந்து லுசாரி மலைக்கோயில் வரை 18.6 கி.மீ. மொத்தம் 73.2 கி.மீ. அதற்கு முந்தைய ஆண்டு ஜிரோவில் புடாபெஸ்ட் நகரில் 9.2, வெரோனாவில் 17.4 என மொத்தமே 26.6 கி.மீ.தான் இருந்தது என்பதை நினைவில் கொண்டால், இது ஏறத்தாழ மூன்று மடங்கு. மலைகளின் பக்கமும் குறை வைக்கவில்லை. முதல் வாரத்தில் கிரான் சாசோ மலைத்தொடரின் கம்போ இம்பரத்தோரே, இரண்டாம் வாரத்தில் சுவிட்சர்லாந்தின் கிரான் மொந்தானா, மூன்றாம் வாரத்தில் மோன்டே போன்டோனே, வல் டி சோல்டோ, த்ரே சீமே டி லவரேதோ என்று அடுத்தடுத்து உயரங்கள் காத்திருந்தன.

இந்த இரண்டு சேர்மானங்களும் ஏன் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்கப்படுகின்றன என்பதைச் சைக்கிள் பந்தயத்துக்குப் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். டைம் டிரையலில் வீரர்கள் குறிப்பிட்ட இடைவெளி விட்டு ஒவ்வொருவராகப் புறப்படுகிறார்கள். யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒண்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்ப முடியாது. சமதரையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது வீரரின் உழைப்பில் மிகப் பெரும் பங்கு காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. ஆகவே அங்கே வெல்பவர் மொத்த வலு அதிகமாகவும், கைப்பிடியின் மேல் உடலைக் குறுக்கி ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்கும் பயிற்சி உள்ளவராகவும் இருப்பார். உடல் எடை அவருக்குப் பெரிய சுமை அல்ல. மலையில் கணக்கு தலைகீழாகிறது. ஏற்றம் பத்து சதவீதத்தைத் தாண்டியதும் வேகம் குறைந்து, காற்று ஒரு பொருட்டாக இல்லாமல் போய், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை வாட் ஆற்றல் கிடைக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. 75 கிலோ எடையுள்ள வலுவானவர் செசேனாவில் சம்பாதித்ததை 60 கிலோ எடையுள்ளவர் வடக்கு இத்தாலியின் டோலமைட் மலைகளில் திருப்பி வாங்க வேண்டும் என்பதுதான் பாதை வரைபவர்கள் போடும் கணக்கு.

அந்தக் கணக்கு முதல் நாளில் மிக அழகாக வேலை செய்தது. உலக சாம்பியனும் முந்தைய ஆண்டு ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவை வென்றவருமான பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் 19.6 கி.மீ. தூரத்தை 21 நிமிடம் 18 விநாடிகளில் முடித்தார். டைம் டிரையலில் உலக சாம்பியன் பட்டத்தை இருமுறை வென்றிருந்த பிலிப்போ கன்னாவே 22 விநாடி பின்தங்கினார். பட்டத்துக்குப் போட்டியிட வந்தவர்களில் ஸ்லோவேனியாவின் பிரிமோஸ் ரோக்லிச் 43 விநாடியும், வேல்ஸைச் சேர்ந்த கெரைன்ட் தாமஸ் 55 விநாடியும் இழந்தார்கள். முதல் நாள் முடிவதற்குள்ளாகவே ஒருவர் கடன் கொடுத்தவராகவும் மற்றவர்கள் கடன்காரர்களாகவும் ஆகிவிட்டார்கள். டைம் டிரையலை முதல் நாளில் வைப்பதன் பயனே இதுதான்: கடன்பட்டவர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. எட்டாம் நாள் ஃபொசொம்ப்ரோனே ஊரின் குறுகிய கப்புச்சினி ஏற்றத்தில் ரோக்லிச் எவனபூலை உதறிவிட்டுச் சென்று 14 விநாடிகளை மீட்டது அந்தக் கடனின் விளைவு என்றே நான் கருதுகிறேன். சிறு குன்றுகளிலேயே இவ்வளவு சுறுசுறுப்பு தெரிந்ததும், இனி ஆல்ப்ஸில் என்னவெல்லாம் நடக்குமோ என்று ஆசைப்பட்டது என் தவறு.

ஏழாம் நாள் கம்போ இம்பரத்தோரே மட்டும் அப்போதே எச்சரித்திருக்க வேண்டும். 218 கி.மீ. நீளக் கட்டம், கடல்மட்டத்துக்கு 2,100 மீட்டருக்கு மேலே முடிவுக் கோடு, இருபுறமும் பனி. படத்தில் பார்க்கக் கம்பீரமான ஏற்றம்தான். ஆனால் அதன் பெரும்பகுதி நீளமாகவும் சாய்வு குறைவாகவும் இருப்பதால், எதிர்க்காற்று வீசும் நாளில் முன்னால் செல்பவன் ஏமாளி, பின்னால் ஒட்டிக்கொள்பவன் புத்திசாலி. காலையிலேயே பிரிந்து சென்ற சிறு குழுவிலிருந்து டவிடே பைஸ் வென்றார். பட்டத்துக்குப் போட்டியிட்டவர்கள் ஏதோ கல்யாண ஊர்வலத்தில் வருவதுபோல ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். மலையின் உயரத்தைக் கொண்டு அதன் எடையை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்த மூன்று வாரத்தில் கிடைக்கவில்லை. பட்டியலில் ‘மலைமுடி’ என்ற ஒரே தலைப்பின்கீழ் கம்போ இம்பரத்தோரேயையும் த்ரே சீமேயையும் சேர்ப்பது, அவலையும் அரிசியையும் ஒரே படியில் அளப்பதற்குச் சமம்.

செசேனாவின் 35 கி.மீ. டைம் டிரையல்தான் இந்தப் பாதையின் நடுத்தூண். வரைபடத்தில் அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் எவனபூல் அங்கே ஒரு நிமிடமாவது சம்பாதிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. அவர் வென்றார், ஆனால் தாமஸைவிட 1 விநாடியும், டாவோ கேகன் ஹார்ட்டைவிட 2 விநாடியும்தான் வேகம். ரோக்லிச் 17 விநாடி பின்னால். ஒட்டுமொத்தத்தில் தாமஸைவிட 45 விநாடி, ரோக்லிச்சைவிட 47 விநாடி முன்னிலையோடு, முதலிடத்தில் இருப்பவர் அணியும் பிங்க் சட்டையை மீண்டும் அணிந்துகொண்டவர், அன்றிரவே கொரோனா தொற்று உறுதியானதால் பந்தயத்தைவிட்டு வெளியேறினார்.

இதற்கு வழித்தடத்தைக் குறை சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனாலும் அந்த இரவுக்குப் பிறகு தராசில் நடந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். எஞ்சியவர்களில் முதன்மையானவர்களான தாமஸ், ரோக்லிச், கேகன் ஹார்ட், போர்ச்சுகலின் ஜோவாவ் அல்மெய்டா ஆகிய நால்வரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். டைம் டிரையலிலும் நல்லவர்கள், மலையிலும் நல்லவர்கள், எதிலும் மற்றவரைக் கிலி பிடிக்க வைக்காதவர்கள். முதல் மூவருக்கு இடையே இருந்த இடைவெளி 5 விநாடிகள்தான். 73 கி.மீ. டைம் டிரையலை அறிவித்தபோதே அதில் தனக்கு இடமில்லை என்று கண்ட மெலிந்த மலையேற்ற வீரர்கள் ஜூலை மாத டூர் டி பிரான்சைப் பார்த்தோ, கட்ட வெற்றிகளைப் பார்த்தோ திட்டமிட்டுவிடுவது இயல்பு. அதாவது, சமநிலையான பாதை சமநிலையான வீரர்களை மட்டுமே ஈர்த்தது. இரண்டு தட்டிலும் ஒரே எடைக்கல் இருந்தால் முள் நடுவில்தான் நிற்கும். அது தராசு சரியாக இருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, வியாபாரம் நடப்பதைக் காட்டாது.

இரண்டாம் வாரத்தை விரைவாகக் கடந்துவிடலாம், பந்தயமும் அப்படித்தான் கடந்தது. மழை, குளிர், தொற்று, விழுதல்கள். பதினோராம் நாளில் கேகன் ஹார்ட் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வெளியேறினார். பதினான்காம் நாளில் பிரிந்து சென்ற குழுவில் இருந்த பிரான்சின் புருனோ ஆர்மிரயிலிடம் பிங்க் சட்டை போவதைத் தாமஸின் அணி தடுக்க முற்படவே இல்லை. சட்டையைச் சுமப்பது வேலை, கழற்றிவிட்டால் ஓய்வு என்று முன்னிலையில் உள்ளவரே எண்ணும் அளவுக்குப் பாதை அவர்களிடம் எதையும் கேட்கவில்லை.

நின்று பேச வேண்டியது பதின்மூன்றாம் நாளைப் பற்றி. ஏறத்தாழ 200 கி.மீ. நீளத்தில், கிராண்ட் சென்ட் பெர்னார்ட் கணவாயைத் தாண்டி, குருவா த கேர் ஏறி இறங்கி, கிரான் மொந்தானாவில் முடிய வேண்டிய கட்டம் அது. பனியின் காரணமாகக் கணவாயின் உச்சி முன்பே நீக்கப்பட்டிருந்தது. அன்று காலை, மழையையும் குளிரையும் காரணம் காட்டி வீரர்கள் கோர, கட்டம் 74.6 கி.மீ. ஆகச் சுருக்கப்பட்டு, அவர்கள் பேருந்தில் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். கொலம்பியாவின் ஐனர் ரூபியோ, திபோ பினோவை முந்தி வென்றார். பட்டத்துக்கான பந்தயத்தில் எதுவும் நடக்கவில்லை. வீரர்களின் கோரிக்கை நியாயமா என்ற வாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. எனக்குப் பட்டது இதுதான்: மே மாத ஆல்ப்ஸில் மலை என்பது எந்த நேரமும் கெட்டுப்போகக்கூடிய சரக்கு. 2013-இல் வல் மார்தெல்லோ கட்டம் பனியால் முழுவதுமாகவே கைவிடப்பட்டது. ஜூலையிலேயே 2019 டூர் டி பிரான்சில் இசெரான் மலைக்கு அப்பால் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் பாதையை மூடின. டைம் டிரையல் அப்படி எளிதில் அழிவதில்லை. எனவே காகிதத்தில் சரிசமமாக எழுதப்படும் பாதை, சாலைக்கு வரும்போது மலைத்தட்டு குறைந்தே வரும் வாய்ப்பு அதிகம். பாதை வரைபவர் அந்தச் சேதாரத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் தொடங்கிய பதினாறாம் நாளில், மோன்டே போன்டோனே ஏற்றத்தில், கடைசியில் ஒருவர் எழுந்து நின்று மிதித்தார். அல்மெய்டா தாக்கினார், தாமஸ் தாவிப் பிடித்தார், ரோக்லிச்சால் பிடிக்க முடியவில்லை. அல்மெய்டா வெல்ல, ரோக்லிச் 25 விநாடி இழந்தார். இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கான ஊக்க விநாடிகளும் (முதலில் வருபவர்களின் மொத்த நேரத்திலிருந்து பரிசாகக் கழிக்கப்படுபவை) சேர்ந்து தாமஸின் முன்னிலை 29 விநாடி ஆனது. இனி ஒவ்வொரு மலையிலும் ரோக்லிச் திருப்பித் தாக்கியாக வேண்டும் என்று நினைத்துத்தான் அடுத்த நாட்களுக்கு உட்கார்ந்தேன். பதினெட்டாம் நாள் வல் டி சோல்டோவில், தாமஸின் 37-வது பிறந்தநாளன்று, இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அல்மெய்டாதான் 21 விநாடி இழந்தார். பத்தொன்பதாம் நாள் கம்போலோங்கோ, வல்பரோலா, ஜியாவு, த்ரே குரோச்சி என்று நான்கு கணவாய்களைத் தாண்டி, 2,304 மீட்டர் உயரத்தில் த்ரே சீமேயின் மூன்று பாறைத் தூண்களுக்குக் கீழே முடியும் கட்டம். சைக்கிள் உலகில் இதைவிடக் கனமான மலைநாள் கிடைப்பது அரிது. பிரிந்து சென்ற குழுவிலிருந்து சந்தியாகோ பூயிட்ராகோ வென்றார். தாமஸுக்கும் ரோக்லிச்சுக்கும் இடையே அந்த நாள் முழுவதும் உண்டாக்கிய வேறுபாடு, கடைசிச் சில நூறு மீட்டரில் கிடைத்த 3 விநாடி.

ஏன் என்பதற்கு விடை அடுத்த நாள் காத்திருந்தது. எல்லோரும் அதற்காகவே காத்திருந்தார்கள். வாழையிலை நிறையப் பரிமாறியாயிற்று. ஆனால் பாயசம் நன்றாக இருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டதால், பந்தியில் உட்கார்ந்தவர்கள் வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு சாம்பாரையும் ரசத்தையும் ஒதுக்கிவிட்டார்கள்.

அந்தப் பாயசத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இதுவரை நான் பார்த்த டைம் டிரையல்களில் இதற்கு இணையானது ஒன்றிரண்டுதான். இத்தாலி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது தர்விசியோ. லுசாரியின் உச்சியில் இருப்பது, மூன்று நாட்டு மக்களும் யாத்திரை வரும் மாதா கோயில். வழக்கமாக அங்கே கம்பிவட ஊர்தியில் ஏறிச் செல்கிறார்கள். காட்டுக்குள் ஏறும் ஒற்றையடி அகலப் பாதைக்குச் சிமென்ட் போட்டுப் பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். முதல் பதினோரு கிலோமீட்டர் ஓரளவு சமமான சாலை. அங்கே டைம் டிரையலுக்கு உரிய கனத்த, காற்றைக் கிழிக்கும் சைக்கிள். பிறகு மலையடிவாரத்தில் இறங்கி, இலகுவான சாதாரணப் பந்தயச் சைக்கிளுக்கு மாறி, 7.3 கி.மீ. ஏற்றம். அதன் சராசரி 12.1 சதவீதம், முதல் ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு 15 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது, சில இடங்களில் 20-ஐத் தாண்டுகிறது. அணிகளின் கார்கள் மேலே வர இடமில்லாததால், மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் மெக்கானிக் மாற்றுச் சைக்கிளைத் தோளில் சுமந்தபடி வந்தார். ஒரே கட்டத்துக்குள் இரண்டு தேர்வுகளையும் வைத்தது உண்மையிலேயே நல்ல யோசனை.

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்லோவேனிய ரசிகர்கள் திரண்டு வந்து மலையையே நிறைத்திருந்தார்கள். ஸ்கீ ஜம்பிங் எனும் பனிச்சறுக்குத் தாவல் விளையாட்டில் 2007-இல் இளையோர் உலகக் குழுப் பட்டம் வென்று, பிறகுதான் சைக்கிளுக்கு மாறிய ரோக்லிச், 26 விநாடி பின்னடைவோடு புறப்பட்டார். இதே போன்று இருபதாம் நாளில், இதே போன்று மலையில் முடியும் டைம் டிரையலில், 2020 டூர் டி பிரான்சை லா பிளான்ஷ் தெ பெல் ஃபீயில் அவர் தன் நாட்டவரான தடேய் போகச்சரிடம் இழந்ததை அறிந்தவர்களுக்கு அந்த மாலையில் மூச்சு சீராக இருந்திருக்காது. அன்று 57 விநாடி முன்னிலையோடு புறப்பட்டவர் அந்தக் கட்டத்தில் மட்டும் 1 நிமிடம் 56 விநாடி இழந்தார். லுசாரியில் அவர் தாமஸை முந்திக்கொண்டிருந்த வேளையில், செங்குத்தான இடத்தில், செயின் கழன்றது. இறங்கினார், தன் கையாலேயே மாட்டினார், 15 சதவீத ஏற்றத்தில் மீண்டும் புறப்பட முடியாமல் தடுமாறியவரை ஓரத்தில் நின்றவர் ஓடிவந்து தள்ளிவிட்டார். அப்படியும் தாமஸைவிட 40 விநாடி, அல்மெய்டாவைவிட 42 விநாடி விரைவாக முடித்து, 14 விநாடி வித்தியாசத்தில் ஜிரோவை வென்றார். ஸ்லோவேனியர் ஒருவர் ஜிரோவை வென்றது அதுவே முதல் முறை.

உணர்ச்சி அடங்கிய பிறகு ரசீதைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று டைம் டிரையல்களையும் சேர்த்து ரோக்லிச் தாமஸிடம் சம்பாதித்தது 36 விநாடி: ஒர்டோனாவில் 12 வரவு, செசேனாவில் 16 செலவு, லுசாரியில் 40 வரவு. எஞ்சிய 18 கட்டங்களில், மலைகள், குன்றுகள், ஊக்க விநாடிகள் எல்லாம் சேர்த்துத் தாமஸ் அவரிடம் சம்பாதித்தது 22 விநாடி. 73 கி.மீ. டைம் டிரையல் 36 விநாடிகளைத் தந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் சாலையும் அத்தனை மலைகளும் 22 விநாடிகளைத் தந்தன. எண்ணாகப் பார்த்தால் இதுவும் ஒரு சமநிலைதான்! முடிவு நெருக்கமாக இருந்தது என்பதைக் காட்டி, இந்தப் பாதை வெற்றி பெற்றது என்று வாதிடுபவர்கள் உண்டு. நெருக்கம் வேறு, போட்டி வேறு. இருவர் ஒருவரையொருவர் பத்தொன்பது நாள் தொடாமல் இருந்தாலும் முடிவு நெருக்கமாகத்தான் இருக்கும்.

கிலோமீட்டர் கணக்கு எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு அடுத்த ஆண்டு ஜிரோவே சாட்சி. 2024-இல் பெருஜியாவுக்கு 40.6, டெசென்சானோவுக்கு 31.2 என்று மொத்தம் 71.8 கி.மீ. டைம் டிரையல் இருந்தது. 2023-க்கும் அதற்கும் ஒன்றரை கிலோமீட்டர் கூட வித்தியாசம் இல்லை. போகச்சர் 9 நிமிடம் 56 விநாடி வித்தியாசத்தில் வென்றார். போகச்சர் போன்ற ஒருவர் வந்தால் எந்தப் பாதையும் தாங்காது என்று சொல்லலாம், அதுவும் சரிதான். எதிர்ப்பக்கத்தில் 2022-ஐ எடுத்துக்கொண்டால், 26.6 கி.மீ. மட்டுமே டைம் டிரையல் இருந்த அந்தப் பாதையிலும் ரிச்சர்ட் கராபாஸும் ஜாய் ஹிண்ட்லியும் 3 விநாடி இடைவெளியோடு இருபதாம் நாள்வரை ஒருவர் நிழலில் ஒருவர் நின்றார்கள். மர்மொலாடாவின் ஃபெதாயா ஏற்றத்தில்தான் ஹிண்ட்லி பிரிந்து சென்றார். டைம் டிரையலைக் கூட்டினாலும் குறைத்தாலும் காத்திருப்பது நடக்கிறது. இரண்டு பாதைகளுக்கும் பொதுவானது, மிகக் கொடிய ஒரு ஏற்றத்தைக் கடைசிக்கு முந்தைய நாளில் வைத்ததுதான்.

இங்கே என் முக்கியக் குறையைச் சொல்கிறேன். டைம் டிரையல் மலைகளைச் சூடேற்ற வேண்டுமானால் அதைக் கண்டு யாராவது பயப்பட வேண்டும். 2012 ஜிரோவின் கடைசி நாளில் மிலான் நகரத் தெருக்களில் 28.2 கி.மீ. சமதரை டைம் டிரையல் இருந்தது. பிங்க் சட்டையில் இருந்தவர் ஸ்பெயினின் ஹோகிம் ரொட்ரிகெஸ், மெலிந்த மலையேற்ற வீரர். அவருக்குப் பின்னால் 31 விநாடியில் இருந்தவர் கனடாவின் ரைடர் ஹெஸ்ஜெடால். மிலானில் தான் நேரம் இழப்பது உறுதி என்று ரொட்ரிகெஸுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எனவே மலையில் ஒவ்வொரு விநாடியையும் பொறுக்கிச் சேர்த்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு. அவர் மிலானில் 47 விநாடி இழந்து, 16 விநாடியில் தோற்றார். அந்தக் கடைசி நாள் தனக்கு முந்தைய மலைகள் எல்லாவற்றுக்கும் விலை வைத்தது. லுசாரியோ செங்குத்தான மலை. அங்கே மலையேற்ற வீரர் தனக்குச் சாதகம் என்று நம்பினார், டைம் டிரையல் வீரரும் தனக்குச் சாதகம் என்று நம்பினார், இருவருமே பயப்படவில்லை. பயப்படாதவர் த்ரே சீமேயில் ஏன் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும்?

இடத்தை மட்டும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே ஆண்டு ஜூலையில் விடை கிடைத்தது. 2023 டூர் டி பிரான்சில் டைம் டிரையல் மொத்தமே 22.4 கி.மீ.தான், பாஸியிலிருந்து கொம்ப்ளூ வரை, அதுவும் ஏற்றம் கலந்தது. ஆனால் அதைப் பதினாறாம் நாளில் வைத்தார்கள். 10 விநாடி முன்னிலையோடு வந்த யோனஸ் விங்கெகார்ட் அன்று போகச்சரைவிட 1 நிமிடம் 38 விநாடி வேகமாக ஓட்டினார். மறுநாளே கொல் த லா லோஸ் என்ற பெருமலை. நேற்றைய களைப்பு இன்றைய கால்களில் வந்து நின்றது. போகச்சர் மேலும் 5 நிமிடம் 45 விநாடி இழந்தார். இறுதி இடைவெளி 7 நிமிடத்தைத் தாண்டியது, லுசாரியின் பரபரப்பு அங்கே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் முதல் வாரத்தின் பிரனீஸ் மலைகளிலிருந்து அந்த நாள் வரை இருவரும் விநாடிகளுக்காக ஓயாமல் அடித்துக்கொண்டார்கள்; எதையும் நாளைக்கு என்று எடுத்துவைக்கும் வசதியைப் பாதை அவர்களுக்குத் தரவில்லை.

அப்போது ஜிரோவின் இயக்குநராக இருந்த மவுரோ வெஞ்ஞிக்கும் அவருடைய குழுவுக்கும் கைகள் கட்டப்பட்டிருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டத்தை வரவேற்கும் ஊர்கள் அதற்குப் பணம் செலுத்துகின்றன. எந்த ஊர் எந்த நாளைக் கேட்கிறது என்பதும் பாதையை வரைகிறது. தர்விசியோ நாட்டின் வடகிழக்கு மூலை. பந்தயம் மறுநாள் ரோமில் முடிய வேண்டியிருந்ததால் எல்லோரும் விமானம் ஏறினார்கள். டோலமைட் மலைகளிலிருந்து கிழக்கே நகர்ந்துகொண்டே போகும் வரிசையில் லுசாரி கடைசியாக வருவது புவியியலின் வசதி. அப்படியானால் செசேனாவின் சமதரை டைம் டிரையலையாவது முதல் வாரத்திலிருந்து எடுத்து, ஓய்வுநாளை அடுத்த பதினாறாம் நாளில், போ ஆற்றுச் சமவெளியில் எங்காவது வைத்திருக்கலாம். யாரேனும் ஒருவர் ஒரு நிமிடக் கடனோடு டோலமைட் மலைகளுக்குள் நுழைந்திருப்பார். ஜியாவு கணவாய் வெறும் காட்சிப் பொருளாக இருந்திருக்காது.

மொத்தத்தில் இந்தப் பொருளுக்கு ஐந்துக்கு மூன்று தருவேன். அந்த மூன்றில் ஒன்றரை லுசாரிக்கு மட்டும் உரியது. 21 நாளையும் மறுபடி பார்க்க நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிவுகளைத் தேடிப் பார்ப்பவர்கள் முதல் நாள் டைம் டிரையலின் கடைசி அரை மணி நேரத்தையும், எட்டாம் நாளின் கடைசி ஏற்றத்தையும், பதினாறாம் நாளில் போன்டோனேயின் இறுதி ஆறு கிலோமீட்டரையும் பார்த்தால் போதும். டோலமைட் மலைகளின் அழகுக்காக த்ரே சீமே கட்டத்தை ஓடவிடலாம், பட்டத்துக்கான சண்டையை அதில் தேட வேண்டாம். லுசாரியை மட்டும், தாமஸ் புறப்படும் நேரத்திலிருந்து, நடுவில் எழுந்திருக்காமல் பார்க்க வேண்டும். திரையின் ஓரத்தில் விநாடிகளைக் காட்டும் சிறு பெட்டியையும், ரோக்லிச்சின் செயினையும் ஒரே நேரத்தில் கவனிப்பது கடினம் என்பதால், முதல் தடவை செயினை விட்டுவிடுங்கள்.